இருமல் டானிக் பாட்டிலில் பருத்தி மருந்து

எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியையாவது படித்திருக்கிறேன். வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். படித்துச் சிரித்ததாக எப்போதாவது யாராவது கடிதம் போடுவார்கள். இப்பேர்ப்பட்ட நான், இந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டு, பூச்சிமருந்துத் தெளிப்பானின் மூக்கை வாயில் வைத்து உறிஞ்சினேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால், இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்று வாசகர் நினைப்பார். அப்படி நினைத்தவர்களுக்கு நடுவில்தான் பதினோரு நாள் படுத்துக் கிடந்தேன். இனியும் தாங்காது.

கோயமுத்தூரில் வளர்ந்த ஆண்பிள்ளைக்கு ஒரு குணம் உண்டு. படிப்பு எதுவாக இருந்தாலும் தன்னை அரை மெக்கானிக் என்று நினைத்துக்கொள்வான். ஸ்கூட்டர் நின்றுபோனால் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை வாயில் வைத்து ஊதுவான். ஸ்டவ் சரியாக எரியாவிட்டால் பர்னரை ஊதுவான். மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் குழாயில் வாய் வைத்து உறிஞ்சுவான். அடைத்துக்கொண்ட எதுவும் வாய்க்குக் கட்டுப்படும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பேனா பிடிக்கிறவன். ஒரு திருகாணியைக்கூட முடுக்கியதில்லை. ஆனாலும் ஊர்க்காற்று என்னையும் விடவில்லை. தெளிப்பான் அடைத்துக்கொண்டது. ஊதினேன், போகவில்லை. உறிஞ்சினேன், வந்தது.

வந்ததைத் துப்பிவிட்டு, குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு, மீதிச் செடிகளுக்கும் மருந்தடித்து முடித்தேன். எடுத்த காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மருந்து எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மாடியில் பதினொரு ரோஜாத் தொட்டிகள். இலைகள் சுருண்டுகொண்டே போயின. என் மனைவி சரஸ்வதியின் ஒன்றுவிட்ட அண்ணன் தண்டபாணி உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருக்கிறார். எனக்கு மச்சான் முறை. சனிக்கிழமை மாலை ஆபீசிலிருந்து வரும் வழியில் அங்கே போனேன்.

"ஏனுங் மாப்ள, ரோசாவுக்குன்னு சின்ன பாட்டில்ல வருதுங்க," என்றார். "தண்ணியாட்டம் இருக்கும். அது வெளியாளுக்குக் குடுக்கறது. உங்களுக்கு அதையா குடுப்பேன்?"

உள்ளே போனார். பெரிய கேனிலிருந்து புனல் வைத்து ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தார். பழைய இருமல் டானிக் பாட்டில்.

"பருத்திக்காரங்க தேடி வந்து வாங்கறது. ஒரு பக்கெட்டுக்கு அரை மூடி போதும். பூச்சி இருக்கற எடந் தெரியாது."

காசு கொடுக்கப் போனேன். "நல்லா இருக்குதுங்க நீங்க பண்றது," என்று கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். காசு வாங்காததால் பில் இல்லை. கேனிலிருந்து ஊற்றியதால் பெயரும் இல்லை. இது என்ன மருந்து என்று கேட்டிருக்கலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பது என்பது, விருந்துக்குப் போன இடத்தில் சோற்றை முகர்ந்து பார்ப்பது போல. நான் மரியாதை தெரிந்தவன். அதற்கான பலனை அனுபவித்தேன்.

பாட்டிலில் டானிக் லேபிள் அப்படியே இருந்தது. 'நாள் ஒன்றுக்கு மூன்று வேளை, இரண்டு தேக்கரண்டி. உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்.' இதில் கடைசி வரியை மட்டும் கடைப்பிடித்தேன். அரை மூடி என்று மச்சான் சொன்னதை, பூச்சியின் மேலிருந்த கோபத்தில் இரண்டு மூடியாக்கினேன். சட்டை அழுக்காகிவிடும் என்று வெற்று மேலோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தேன். ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. நான் பாலக்காட்டைப் பார்த்து நின்றிருந்தேன். ஆக, ரோஜாவுக்குப் போனதைவிட எனக்கு வந்தது அதிகம்.

ஒரு மணி நேரம் கழித்துச் செய்தித்தாளை விரித்தபோது எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். அப்புறம் கையைத் துடைத்தேன், வேர்வை சொட்டியது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வயிறு பிசைந்தது. இடது கண் இமைக்குக் கீழே ஒரு தசை தனியாகத் துள்ள ஆரம்பித்தது. சமையலறையிலிருந்து வந்த சரஸ்வதி என்னைப் பார்த்தாள். அடுத்து மேஜைமேல் நான் வைத்திருந்த பாட்டிலைப் பார்த்தாள். அவள் மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டையும் கூட்டிப் பார்க்க அவளுக்கு நேரமாகவில்லை.

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"ரோஜாவுக்கு…" என்றேன். மீதி வாந்தியாக வந்தது.

ஆட்டோவில் ஏற்றும்போது பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஆர்.எஸ்.புரத்தில் எங்களுக்குத் தெரிந்த டாக்டர் டார்ச் அடித்து என் கண்ணைப் பார்த்தார். கருவிழிக்கு நடுவில் இருக்கும் பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்ததாம். "இங்க நிக்காதீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்று அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். தூங்கி ரொம்ப நாளான முகம்.

"என்னம்மா குடிச்சாரு?"

"குடிக்கலீங்க. ரோசாச் செடிக்கு மருந்தடிச்சாரு. அதுல அடைச்சுதுன்னு வாயில வச்சு…"

"சரிம்மா. எவ்வளவு குடிச்சாரு?"

சரஸ்வதி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தார், மூடியைத் திறந்து தூரத்தில் வைத்து முகர்ந்தார், உடனே மூடினார்.

"டானிக் பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தாரா?" என்றார். அந்தக் கேள்வியின் தொனி எனக்கு அந்த நிலைமையிலும் விளங்கியது.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். இரண்டு பேர் சேர்ந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். இந்த மருந்து வாய் வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். வேட்டியைச் சுருட்டி எறிந்துவிட்டார்கள்.

பிற்பாடு அந்த டாக்டரே எனக்கு விளக்கினார். நரம்பு தசையிடம் 'வேலை செய்' என்று சொல்ல உடம்பில் ஒரு ரசாயனம் சுரக்கிறது. சொல்லி முடித்ததும் அதைத் துடைத்தெடுக்க இன்னொரு பொருள், ஒரு நொதி, இருக்கிறது. பூச்சிமருந்து அந்தத் துடைக்கிற ஆளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. நான் மில்காரன், எனக்குப் புரிந்தது இப்படி: ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் ஊதி நிற்க வேண்டும். இங்கே சங்கு நிற்கவே இல்லை. எச்சில், வேர்வை, குடல், தசை என்று எல்லா டிபார்ட்மெண்டும் ஒரே நேரத்தில் ஓவர்டைம் பார்த்து, கடைசியில் மூச்சு விடும் தசை களைத்துப்போய் நின்றுவிடும். பூச்சி அப்படித்தான் சாகிறது. பூச்சிக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் கிடையாது.

இதற்கு மாற்று, அட்ரோபின் என்கிற ஊசி. சங்குச் சத்தம் காதில் விழாதபடி பஞ்சை அடைப்பது போல. நெஞ்சில் ஈரம் காயும்வரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். காய்ந்தது. நாக்கு தேங்காய் நாராகிவிட்டது. சுருங்கியிருந்த பாப்பா இப்போது விரிந்து, ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கூடவே புத்தியும் கழன்றுகொண்டது. இந்த ஊசி அதிகமானால் பிதற்றல் வருமாம். திங்கட்கிழமை முழுக்க என்ன நடந்தது என்பதை நர்ஸ் ஆலிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாலக்காட்டுப் பக்கத்துப் பெண்மணி. குரல் கரகரப்பு, கை மிருது.

"சாரு அந்த டிரிப் ஸ்டாண்டோடு பேசினது," என்றார். "ரொம்ப நேரமா நிக்கறீங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடறீங்களான்னு. நாலு பிராவசியம், நாலு தடவை. அதுக்கு உட்கார மனசில்லை."

சுயநினைவு போன பிறகும் உபசாரம் போகவில்லை. எங்கள் ஊர் வளர்ப்பு.

செவ்வாய்க்கிழமை நினைவு திரும்பியபோதுதான் நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்பது புரிந்தது. அந்த வார்டில் எட்டுக் கட்டில்கள். பூச்சிமருந்து நோயாளிகள் என்னையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் வேண்டுமென்றே குடித்தவர்கள். பூச்சிமருந்தில் வருகிறவர் என்றால் அந்த வார்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம். என் கட்டில் அட்டையிலும் அதே அர்த்தத்தில்தான் எழுதியிருந்தது. போலீசுக்கும் தகவல் போயிருந்தது, அது விதி.

பக்கத்துக் கட்டிலில் காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு ஊர்க்காரர், பழனிச்சாமி. என் வயதுதான். கிணறும் வறண்டு, கடனும் முற்றி, ஒரு மத்தியானம் மனசு உடைந்துபோனவர். அவருடைய மனைவி கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து, அவர் கால்விரலைப் பிடித்தபடியே இருப்பார். விட்டால் எங்காவது போய்விடுவார் என்பது போல. நான் என் கதையைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"என்னையும் அப்படித்தானுங்க சொல்லச் சொன்னாங்க," என்றார் மெதுவாக. "காட்டுல மருந்தடிக்கறப்பக் காத்துத் திருப்பிருச்சுன்னு. உங்குளுது இன்னும் நல்லாருக்குதுங்க. அந்த ஊதுனது, உறிஞ்சுனது… எனக்கு அது தோணாமப் போச்சு."

"இது நெசமுங்க."

"ஆமாங்க," என்றார் மிகுந்த மரியாதையோடு. "யாரு கேட்டாலும் அப்படியே அழுத்திச் சொல்லிப்போடுங்க."

இருபது வருடமாகப் பத்திரிகைக்குக் கதை அளக்கிறேன். ஒருவர்கூட இப்படிப் பாராட்டியதில்லை.

இது எனக்குச் சிரிப்பாக இருந்தது, சரஸ்வதிக்கு இல்லை. காங்கேயத்திலிருந்தும் கொடுமுடியிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்தார்கள். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் கொண்டு வந்தார்கள். என்னை ஒரு பார்வை, அவளை இரண்டு பார்வை. மில் மூடப்போகிறது என்று ஊரில் பேச்சு இருந்ததால் காரணத்தில் பாதி அவர்களுக்குத் தயாராகக் கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு அவள் தேவைப்பட்டாள். என் சித்தி ஒருத்தி, நான் தூங்குவதாக நினைத்து, "பையன் சாது. அவ கொஞ்சம் கறாரு. எத்தன நாளைக்குத்தான் தாங்குவான்?" என்றாள். சரஸ்வதி அப்போது இரண்டடி தள்ளி நின்று எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுவதை நிறுத்தவில்லை. கரண்டியின் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

அன்று மத்தியானம் பள்ளிக்கு ஒரு நடை போய் வந்தவள் சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தாள். கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள்.

"ஹெச்செம்மு கூப்புட்டாங்க. கொஞ்ச நாளு லீவு போட்டுக்குங்க டீச்சர்னாங்க. பெத்தவங்கெல்லாம் வந்து பேசறாங்களாம். ஊட்டுக்காரரை அந்த நெலமைக்குக் கொண்டு போனவகிட்ட எப்படிப் புள்ளைகளை உடறதுன்னு."

"நான் போலீஸ்ல சொல்லிடறேன். எழுதிட்டாச் சரியாயிடும்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"ரோஜாவுக்கு வாங்கினதுன்னு."

"எங்க வாங்குனதுன்னு கேப்பாங்க."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல முடியாது. அன்று காலைதான் தண்டபாணி மச்சான் நாலு இளநீரோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிவிட்டுப் போயிருந்தார். "சில்லறைல ஊத்திக் குடுக்கறது தப்புங்க மாப்ள. லைசென்ஸையே புடுங்கிருவாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது. என்ற கடைப் பேரை மட்டும் சொல்லிப்போடாதீங்க." நானும், "அதெல்லாம் ஒண்ணும் வராதுங்க மச்சான், வெசனப்படாதீங்க," என்று சொல்லிவிட்டேன். அப்படித்தானே சொல்ல வேண்டும்?

மாலை ஏட்டு வந்தார். தாள் வைத்து எழுதும் அட்டையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"மருந்து எந்தக் கடையில வாங்குனீங்க?"

"ஞாபகம் இல்லீங்க."

"பில்லு?"

"இல்லீங்க."

"பேரு?"

"தெரியலீங்க."

"டானிக் பாட்டில்ல யாரு ஊத்துனது?"

நான் கூரையைப் பார்த்தேன். ஏட்டு எழுதவில்லை. பேனாவை மூடினார். "சார், நானும் புள்ளகுட்டிக்காரன். உங்களைக் கேஸ்ல மாட்டறது என்ற நோக்கம் இல்ல. நல்லா யோசனை பண்ணி வைங்க. வியாழக்கெழமை வாரேன்." போகும்போது சரஸ்வதியைப் பார்த்து, "ஊட்டுல சத்தங்கித்தம் போடாமப் பாத்துக்குங்க அம்மணி," என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எல்லோருமே நல்லெண்ணத்தோடுதான் இருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

இந்த விஷத்தில் ஒரு சூது உண்டு. முதல் கண்டம் தாண்டி, நோயாளி இட்லி கேட்கிற நிலைமைக்கு வந்த பிறகு, மூன்றாம் நாள் நான்காம் நாளில் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரென்று சோர்ந்து போகலாம். அதற்காக மணிக்கு ஒரு தரம் நர்ஸ் ஆலிஸ் வந்து, "தலை ஒண்ணு பொக்கிக்கோ சாரே," என்பார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஏதோ சர்க்கஸ் மிருகம் மாதிரி நானும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தூக்கினேன். தலை வரவில்லை.

மறுபடியும் முயன்றேன். தலை என்னுடையது என்பதே மறந்துபோனது போல அது கிடந்தது. ஆலிஸ் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. டாக்டர் ஓடி வந்தார். என் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய் மூச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "ஒரே மூச்சுல இருபதுவரை எண்ணுங்க," என்றார் டாக்டர். நான் பதினொன்றில் நின்றேன். பதினொன்றுக்கு மேல் எண்ண ஒரு நூற்பாலை அலுவலகக் கண்காணிப்பாளனுக்கு மூச்சு போதவில்லை. அந்த இடத்தில் எனக்குப் பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் பயம் அல்ல, வெட்கம். சாவதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். படித்தது ஒன்றும் பக்கத்தில் வரவில்லை. வந்தது ஒரே ஒரு நினைப்பு: நான் இப்போது போய்விட்டால் அட்டையில் எழுதியிருப்பதுதான் கடைசிவரை நிற்கும். இவள் மீதி ஆயுளுக்கும் அந்தப் பெயரைச் சுமப்பாள்.

சரஸ்வதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கோடு கிழித்தாள். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் நெஞ்சுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் மூச்சை எண்ண ஆரம்பித்தாள். ஒரு நிமிடம் எண்ணுவாள், எழுதுவாள், அடுத்த நிமிடம் எண்ணுவாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. நடுவில் டாக்டர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். அப்புறம் வரும்போதெல்லாம் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்டார். இயந்திரம் கடைசிவரை தேவைப்படவில்லை. எண்கள் மெல்ல ஒரு இடத்தில் நின்றன.

நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல ஒரு எடத்துக்குப் போய்ட்டு வாரேன்."

எங்கே என்று கேட்கக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எதற்கு என்பது மட்டும் கேட்காமலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை காலை என் கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு அவளோடு ஒருவர் வந்தார். அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் அந்த டானிக் பாட்டில். வேளாண்மைத் துறையில் பூச்சிமருந்து ஆய்வாளராம். அப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சரஸ்வதி அந்தப் பாட்டிலோடு அவருடைய ஆபீஸ் திறக்குமுன் போய் வாசலில் நின்றிருக்கிறாள். எந்தக் கடை என்பதை மட்டும் அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்றிருக்கிறாள்.

தண்டபாணி மச்சான் அப்போது என் தலைமாட்டில் நின்று இளநீர் வெட்டி ஊற்றிய டம்ளரில் ஸ்ட்ரா போட்டுக்கொண்டிருந்தார். ஆய்வாளரைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் பழக்கம் இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை.

"தப்பா நெனைச்சுக்காதீங்க சார்," என்று ஆய்வாளர் என்னிடம் ஆரம்பித்தார். "டப்பாவுல மூலையில ஒரு கட்டம் போட்டிருக்கும், பாத்திருக்கீங்களா? செகப்பு, மஞ்ச, நீலம், பச்ச. பச்சைன்னா ஆபத்துக் கொறைவு. செகப்புன்னா மண்டையோடு படமே போட்டிருக்கும். ஊட்டுத் தோட்டத்துக்கு இருக்கறது வேற, காட்டுக்கு இருக்கறது வேற. இந்த வாடை செகப்புங்க."

"பாட்டில்ல கட்டம் இல்லீங்க," என்றேன்.

"அதான் பிரச்சனையே. நாங்க கடையில சாம்பிள் எடுக்கறது சீல் போட்ட டப்பாவுல. மருந்து தரமா இருக்குதான்னு பாப்போம். தரமாத்தான் இருக்கும். டப்பாவுலருந்து பாட்டிலுக்குப் போயிட்டா அது எங்க கண்ணுல படறதில்ல. இந்தப் பக்கம் முழுசுக்கும் நானும் ஒரு ஜீப்பும். ஜீப்பு பாதி நாளு ஒர்க்ஷாப்புல. ஊட்டுத் தோட்டத்துல இப்படி ஆச்சுன்னு எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து எழுதிக் குடுத்ததில்லீங்க. ஆகலைன்னு அர்த்தம் இல்ல. ஆனவங்க வெக்கப்பட்டுட்டுச் சொல்றதில்ல. இல்லாட்டி இங்க வந்து வேற கணக்குல சேந்துக்கறாங்க." தாளை எடுத்தார். "எந்தக் கடைங்க?"

நான் மச்சானைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். கழுத்து திரும்பாது என்பது ஒரு வசதியாக இருந்தது. வாயைத் திறந்தேன், மூடினேன். கண் ஓரத்தில், பக்கத்துக் கட்டிலில் பழனிச்சாமி, அழுத்திச் சொல்லுங்க என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சரஸ்வதிதான் பேசினாள். சத்தமே இல்லாமல், பிள்ளையிடம் விடை கேட்பது போல.

"அண்ணா, நேத்து இவரால தலையத் தூக்க முடியலீங்க. பதினொண்ணுக்கு மேல எண்ண முடியல. நான் உக்காந்து எண்ணிட்டிருந்தேன். இவரு செத்திருந்தா நான் கொன்னதாத்தான் இருக்கும். உங்க தங்கச்சிதானுங்க நானு. அண்ணன் பேரை இவரு வாயிலருந்து வரவைக்க வேண்டாம்னு பாக்கறேன். நீங்களே சொல்லிப்போடுங்க."

டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"என்ற கடைதானுங்க," என்றார் தண்டபாணி மச்சான். "நாந்தான் ஊத்திக் குடுத்தேன். ரோசா மருந்து பக்கத்து ரேக்குலயே இருந்துதுங்க. சொந்தக்காரருக்கு நல்லதாக் குடுப்போம்னு…"

ஆய்வாளர் எழுதினார். எழுதிக்கொண்டே, "பெரும்பாலும் அப்படித்தானுங்க. வேண்டாதவங்களுக்கு யாரும் நல்ல மருந்து குடுக்கறதில்ல," என்றார். நான் தெளிப்பானை ஊதியதையும் உறிஞ்சியதையும் அவரிடம் வரிவரியாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "எத்தன மூடி ஊத்துனீங்க?" என்று மட்டும் கேட்டு, பதிலைக் கேட்டதும் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தினார்.

சாயங்காலம் வந்த ஏட்டு இரண்டு வாக்குமூலத்தையும் வைத்துக்கொண்டு, 'தவறுதலாக உட்சென்றது' என்று முடித்தார். டாக்டர் கட்டில் அட்டையில் பழைய வரியை அடித்துவிட்டு மேலே புதிதாக எழுதினார். சரஸ்வதி பக்கத்தில் நின்று, அவர் எழுத்தைக் கூட்டிப் படித்து, சரிபார்த்த பிறகுதான் நகர்ந்தாள். கடையில் எடுத்த மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரை வைத்தார்களாம்; ஒரு பங்கு கடைக்காரருக்கே, ஒன்று பரிசோதனைக்கு, ஒன்று கோர்ட்டுக்கு. பரிசோதனையில் மருந்து முழுத் தரத்தோடு இருப்பதாகச் சான்றிதழ் வந்தது. அதை நான் என்றைக்குமே சந்தேகப்பட்டதில்லை. மச்சானுக்குச் சில மாதங்கள் பூச்சிமருந்து விற்கத் தடை. உரமும் விதையும் விற்றுக்கொண்டிருக்கிறார். என்னோடு பேசுகிறார், சரஸ்வதியோடு பேச இன்னும் கொஞ்ச நாளாகும் போலிருக்கிறது.

பழனிச்சாமி எனக்கு ஒரு நாள் முன்பாகவே வீட்டுக்குப் போனார். அவர் மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். "உங்குளுது ஜெயிச்சிருச்சுங்க," என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் மறுக்கவில்லை. நல்லா இருக்க வேண்டும் அவர்.

பதினோராம் நாள் நானும் வந்தேன். தலை நிற்கிறது. ரத்தத்தில் அந்தத் துடைக்கிற நொதி பழைய அளவுக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை படி ஏறினால் களைப்பு, பேசினால் களைப்பு. இதை எழுதும்போதும் நடுவில் இரண்டு முறை படுத்து எழுந்தேன்.

சரஸ்வதி பள்ளிக்குத் திரும்பப் போக ஆரம்பித்து ஒரு மாதமிருக்கும். தலைமையாசிரியையே பெற்றோர்களைக் கூப்பிட்டு, வாக்குமூலத்தின் நகலைக் காட்டி, நடந்தது இன்னது என்று விளக்கிவிட்டாராம். எல்லோரும் நம்பிவிட்டார்களாம். இதை அவள் சொல்லும்போது முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அதான் எல்லாம் சரியாப் போச்சே. அப்புறம் என்ன?" என்றேன்.

"முன்னால என்னக் கண்டா எல்லாத்துக்கும் ஒரு பயம் இருந்துதுங்க," என்றாள். "பரீட்சை டூட்டி போடறதுன்னாக்கூட என்னக் கேட்டுட்டுத்தான் போட்டாங்க. இப்ப ஒவ்வொருத்தரா வந்து கையப் புடிச்சுட்டு, பாவம் டீச்சர், இத்தன வருசமா இவரை வச்சுட்டு எப்படித்தான் சமாளிச்சீங்கன்னு கேக்கறாங்க."